சரிவு என்னும் ஆய்வுக்கூடம்

நுழையும்முன்

தூக்கி எறிந்த அட்டைப்பெட்டி, காய்ந்து விழுந்த பாக்குமட்டை, அறுந்த ரப்பர் செருப்பு. இவற்றைக் கொண்டு பொறியியலின் அடிப்படையைப் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியுமா? ஏலமலையின் அடிவாரத்தில் நின்று இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை. பளபளக்கும் கண்காட்சி மாதிரிகளைக் கண்டு பழகிய நமக்கு, கோணலாகச் செய்யப்பட்ட ஒரு சிறிய சறுக்குவண்டியை மதிக்கக் கற்றுத்தர முயல்கிறது.

மலை வைத்த தேர்வு

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை, முந்தலைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டை அடையும்போது, புறப்பட்ட இடத்தைவிட ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் நிற்போம். ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் காலையில் இவ்வழியே ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. ஏறுவதற்கு எந்திரத்தின் வலிமை போதும். இறங்குவதற்கோ ஓட்டுநரின் அறிவு வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே, ஏறும்போது பயன்படுத்திய தாழ்ந்த கியரிலேயே வண்டியை இறக்குவர். ஏட்டில் படித்து இதை அறிந்தவர் சிலர்; மலை கற்பித்து அறிந்தவர் பலர்.

மலையிலிருந்து ஒரு பொருளைப் பழுதின்றிக் கீழே இறக்குவது எப்படி என்பது இப்பகுதியின் பழைய வினா. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று இங்கே சொல்லத் தக்கது. மூணாற்றுப் பகுதியில் விளைந்த தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுவருவதற்காக, 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. பாரத்தின் பெரும்பகுதியை அந்த ஒரே தண்டவாளத்தின்மீது ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும். வண்டி சாய்ந்துவிடாதபடி, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டுவரும். அதனை இழுத்தவை காளைகள். ஆறே ஆண்டுகளில், 1908இல், அவ்வமைப்பை நீக்கிவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதையை இட்டனர். அப்பாதை டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டோடு முடிந்தது. அதற்கப்பால் செங்குத்தான சரிவு. அங்கே தண்டவாளத்திற்கு வேலையில்லை. ஆகவே, கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, ஏறத்தாழ 5 கி.மீ. கீழேயுள்ள கொட்டகுடிக்கு இறக்கினர். கொட்டகுடியிலிருந்து வண்டிகள் அவற்றைப் போடிக்குக் கொண்டுவந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் இருப்புப்பாதை அழிந்தது, மீண்டும் கட்டப்படவில்லை.

கேட்பவர் யாவரும் கம்பிவடத்தையே வியப்பர். எனக்கு வியப்பளிப்பது 1902க்கும் 1908க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகள். செய்தனர், பயன்படுத்தினர், போதாது எனக் கண்டனர், மாற்றினர். அத்துடன் ஒரே பயணத்திற்கு மூன்று விடைகளை ஏற்றுக்கொண்டனர்: பள்ளத்தாக்கில் தண்டவாளம், செங்குத்தில் கம்பிவடம், அடிவாரத்தில் வண்டி. இடத்திற்கேற்ற விடையைத் தேர்வதும் தேர்ந்ததைத் திருத்துவதுமே வடிவமைப்பு எனப்படுகிறது. வடிவமைப்பு என்றவுடன் கணினித்திரையில் சுழலும் முப்பரிமாணப் படத்தை நினைத்துக்கொள்வது நம் காலத்துப் பழக்கம். அப்படம் வடிவமைப்பின் ஒரு கருவிதான். கருவியைக் காட்டிக் கலையைக் கற்றுக்கொடுத்ததாக நாம் நிறைவடைந்துவிடக் கூடாது.

மட்டையும் சிறுதேரும்

பனி பெய்யும் நாடுகளில் பிள்ளைகள் சறுக்குவண்டியில் ஏறி மலைச்சரிவில் இறங்குவதைப் படக்கதைகளில் பார்த்து ஏங்கியவர்கள் நம்மில் உண்டு. பனி இல்லாத நம் நாட்டிலும் சறுக்குவண்டி இருக்கிறது. அதன் பெயர் மட்டை. பாக்குமட்டையின் அகன்ற அடிப்பகுதியில் ஒரு பிள்ளை அமர்ந்துகொள்ள, இன்னொரு பிள்ளை ஓலைப்பகுதியைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடும். பாக்குமட்டை கிடைக்காத ஊரில் தென்னைமட்டை. பனைநாட்டில், நுங்கு எடுத்தபின் எஞ்சும் காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவைக்கம்பால் தள்ளி ஓட்டுவர். அறுந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம் கிடைத்துவிடும். இவற்றுள் எதற்கும் கடையில் விலைச்சீட்டு இல்லை.

இம்மரபு புதியதன்று. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து முற்றம் ஒன்றில், உலரும் தானியத்தைக் கொத்தவரும் கோழியின்மீது பெண்கள் தம் கனத்த காதணியைக் கழற்றி எறிகின்றனர். அக்காதணி, சிறுவர்கள் குதிரையின்றி உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. நகரத்தின் செல்வச் செழிப்பைக் காட்டும் காட்சி என்றே இதனைப் படித்துவந்திருக்கிறோம். அது சரியே. பொறியாளரின் கண்கொண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தேருக்கு ஏன் மூன்று சக்கரம்? மேடுபள்ளமான தரையில் நான்கு காலுள்ள பலகை ஆடும். மூன்று காலுள்ளது ஆடாது. காதணி அளவேயான தடை ஏன் தேரை நிறுத்திவிடுகிறது? பெரிய சக்கரம் எளிதாக ஏறிக்கடக்கும் தடை, சிறிய சக்கரத்திற்கு மதிலாகிவிடுகிறது. உருத்திரங்கண்ணனார் இயற்பியல் கூற முனைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைப் புலவர் ஒருவர் அவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறார். பிள்ளைத்தமிழும் சிறுதேர் உருட்டுவதற்கென ஒரு பருவத்தையே ஒதுக்கியது.

இருப்பினும், மட்டையில் சறுக்கும் பிள்ளை வடிவமைப்பாளர் ஆகிவிடுவதில்லை. விளையாட்டில் வண்டி கவிழ்ந்தால் சிரித்துவிட்டு எழுந்து மீண்டும் ஏறிக்கொள்வோம். ஏன் கவிழ்ந்தது என்று கேட்பதும், கேட்டதை அளப்பதும், அளந்ததை எழுதுவதும், எழுதியதைக் கொண்டு வண்டியை மாற்றுவதும் அடுத்த படி. அப்படியில் ஏற்றிவிடத்தான் பள்ளிக்கூடம் வேண்டும்.

ஒரு பலகையும் சில செங்கற்களும்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர்கள்முன் ஒன்றரை மீட்டர் நீளப் பலகை ஒன்று. அதன் ஒரு முனை செங்கல் அடுக்கின்மேல் இருக்கிறது. அவர்களுக்குத் தரப்படும் பணி இது: கால் கிலோ கூழாங்கற்களைச் சுமக்கும் ஒரு சறுக்குவண்டியைச் செய்யவேண்டும். அது பலகையில் வழுக்கி இறங்கி, தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டத்திற்குள் வந்து நிற்கவேண்டும். கல் ஒன்றும் சிந்தக் கூடாது. பயன்படுத்தும் பொருள் எல்லாம் முன்பே ஒருமுறை பயன்பட்டுக் கழிந்தவையாக இருக்கவேண்டும். பசைக்குக்கூடக் காசு செலவிட வேண்டியதில்லை, சோற்றுப்பசை போதும்.

மிக விரைவாக இறங்கும் வண்டிக்குப் பரிசு என்று விதி வைப்பது எளிது. அவ்விதியை நான் ஏற்கவில்லை. கீழே விழுவதில் என்ன திறமை இருக்கிறது? கல்லுக்கும் அது தெரியும். 17 வளைவுகளையும் கடந்து அன்றாடம் இறங்கும் ஜீப்பின் அருமை, அது முந்தலில் முழுதாக வந்து நிற்பதில் இருக்கிறது. அம்மலையின் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வு, நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதாகவே இருக்கட்டும்.

முதல் வேலை, பொருள் தேடுவது. வீட்டிலும் தெருவிலும் கிடைப்பவை என்னென்ன? கடைக்காரர் வெளியே போட்ட அட்டைப்பெட்டி, கழுவிய பால் உறை, கிழிந்த சணல் சாக்கு, பாக்குமட்டை, தென்னம்பாளை, தண்ணீர்ப்புட்டி, மிதிவண்டியின் பழைய டியூப். இவற்றுள் எது வழுக்கும், எது பிடித்து நிறுத்தும் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. சொல்லிவிட முடியும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அதுவும் நல்லதே. ஊகத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதச் செய்யவேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளையும் வண்டியின் அடியில் ஒட்டி, பலகையை மெல்ல மெல்ல உயர்த்தி, எந்த உயரத்தில் வண்டி நகரத் தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். பலகையின் உயர்ந்த முனையிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், செங்குத்து உயரத்தையும் தரையில் கிடைமட்டத் தொலைவையும் அளந்துகொள்ளலாம். கிடைமட்டத் தொலைவு 100 செ.மீ. ஆக இருக்கையில் உயரம் 35 செ.மீ. எட்டும்போது வண்டி நகர்ந்தால், அவ்விரு பரப்புகளுக்கும் இடையிலான ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.35. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் சறுக்குக் கோணம் என்று நீங்கள் படிப்பது இதைத்தான். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானை, இக்கோணத்தை அளவுகோல் இன்றியே அறிந்து வைத்திருக்கிறது.

அடுத்து, கூழாங்கற்களை ஏற்றிக்கொண்டு அதே சோதனையைச் செய்யவேண்டும். கனமான வண்டி குறைந்த சரிவிலேயே நகர்ந்துவிடும் என்று பிள்ளைகள் பலர் எதிர்பார்ப்பர். அது ஏறத்தாழ முன்பு நகர்ந்த அதே கோணத்தில்தான் நகரும். கனம் கூடும்போது கீழ்நோக்கி இழுக்கும் விசை கூடுகிறது. அதே விகிதத்தில் உராய்வும் கூடுகிறது. இந்த விளக்கத்தை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சோதனை செத்துவிடும். தம் எண்ணம் பொய்த்ததைக் கண்ட பிள்ளை பலகையை மீண்டும் ஒருமுறை உயர்த்திப் பார்க்கும். இன்னும் ஒருமுறை பார்க்கும். அந்நேரத்தில் வாய் திறவாதிருப்பதே ஆசிரியரின் பணி.

உங்கள் வகுப்பு நிலையில் இருப்போர் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். பலகையின்மேலும் தரையின்மேலும் ஒரே வகை அட்டையை விரித்துவிடுங்கள். வண்டி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: தொடக்க உயரத்தை இயக்க உராய்வுக் குணகத்தால் வகுத்தால், வண்டி கிடைமட்டமாகக் கடக்கும் மொத்தத் தொலைவு கிடைக்கும். உயரம் 60 செ.மீ., குணகம் 0.3 என்றால் 200 செ.மீ. இவ்விடையில் வண்டியின் எடைக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டி நகர்வதற்குப் போதிய சரிவு இருந்துவிட்டால், அது எவ்வளவு செங்குத்தானது என்பதற்கும் இடமில்லை. வேலை, ஆற்றல் ஆகியவற்றைப் பற்றிய பாடத்தைக் கொண்டு இதை நீங்களே வருவிக்கலாம்.

கணக்கு 200 செ.மீ. என்கிறது; வண்டி வேறோர் இடத்தில் நிற்கிறது. பொறியியல் அங்கேதான் தொடங்குகிறது. பலகை தரையைத் தொடும் மூலையில் வண்டி மோதி ஆற்றலை இழந்திருக்கலாம். அப்படியானால் மூலையில் வளைந்த அட்டை ஒன்றை வைத்துப் பார்க்கவேண்டும். நகரத் தொடங்கிய கோணத்திலிருந்து பெற்ற குணகத்தைக் கணக்கில் இட்டிருந்தால், வண்டி சற்றுத் தள்ளியே நிற்கும். ஓடும் பொருளின் உராய்வு, நிற்கும் பொருளின் உராய்வைவிடப் பொதுவாகக் குறைவு. பாக்குமட்டையின் வரிகள் செல்லும் திசையில் வழுக்குவதும் குறுக்கே வழுக்குவதும் வேறுவேறாக இருக்கலாம். வண்டி நிற்கிறது, ஆனால் சுமை முன்னே சரிந்து கொட்டிவிடுகிறது என்றால், சுமையைத் தாழ்த்தி வைக்கவேண்டும். முன்விளிம்பு தரையில் குத்திக்கொள்கிறது என்றால் அதை மேல்நோக்கி வளைக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்; இவ்வொழுங்கு மிக முக்கியம். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினால், எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

சறுக்குவண்டி மனிதகுலத்தின் மிகப் பழைய ஊர்திகளுள் ஒன்று. எகிப்தில் ஜெஹூதிஹோதெப் என்பாரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ 3900 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. சறுக்குவண்டியில் ஏற்றிய மாபெரும் சிலையைப் பலர் கயிறுகட்டி இழுக்க, வண்டியின் முன்பகுதியில் நிற்கும் ஒருவர் மணலில் நீர் ஊற்றுகிறார். நீர் ஊற்றுவது சடங்காக இருக்கலாம் என்று கருதியோர் உண்டு. 2014ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஒரு தட்டில் மணலை நிரப்பி, சிறிய மாதிரி வண்டியை அதன்மேல் இழுத்துப் பார்த்தனர். உலர்ந்த மணல் வண்டியின் முன்னே குவிந்து தடுத்தது. சரியான அளவு ஈரம் இருந்தபோது இழுவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஈரம் மிகுந்துவிட்டால் அப்பயன் மறைந்தது. பல்கலைக்கழக ஆய்வும் கடைசியில் ஒரு தட்டு, கொஞ்சம் மணல், ஒரு சிறுவண்டி ஆகியவற்றில்தான் வந்து நின்றது.

ஈரம் என்றவுடன் நம் மலை நினைவுக்கு வருகிறது. போடி, மழைமறைவுப் பகுதி. வெயிலில் அட்டை மொடமொடவென்று காயும். மேலே போடிமெட்டில் மூடுபனி இறங்கினால் அதே அட்டை தளர்ந்து வளையும். கீழே வெற்றிபெற்ற வண்டியை மேலே கொண்டுபோய் ஓடவிட்டால் அது தோற்கக்கூடும். எந்த இடத்திற்காக, எந்தப் பருவத்திற்காகச் செய்கிறோம் என்னும் கேள்வியைப் பிள்ளைகள் தாமாகவே கேட்கத் தொடங்குவர்.

விலைக்கு வாங்கிய எரிமலை

பள்ளிகளில் நடைபெறும் அறிவியல் கண்காட்சிகளுக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். தெர்மோகோல் பலகையில் பச்சை வண்ணம் பூசிய மலை. அதன் உச்சியில் சோடா உப்பும் வினிகரும் பொங்கும் எரிமலை. பக்கத்து மேசையில் மழைநீர் சேகரிப்பு வீடு; அதற்கடுத்த மேசையில் காற்றாலை. ஒவ்வோர் ஆண்டும் அதே எரிமலை பொங்குகிறது. பல மாதிரிகள் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. சிலவற்றைப் பெற்றோர் இரவெல்லாம் விழித்திருந்து செய்து தருகின்றனர். அருகில் நிற்கும் பிள்ளை, மனப்பாடம் செய்த ஐந்து வரிகளை ஒப்புவிக்கிறது. அவ்வைந்து வரிகளைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டால் முகம் வாடிவிடுகிறது. பிள்ளையின்மீது குற்றமில்லை, அதற்கு அம்மாதிரியோடு எந்த உறவும் ஏற்படவில்லை.

இதனால் இருவகைத் தீங்கு விளைகிறது. முதலாவது, மாதிரி என்பது காட்சிப்பொருள் என்னும் எண்ணம் பதிகிறது. பொறியாளருக்கு மாதிரி என்பது உடைத்துப் பார்ப்பதற்கான பொருள். உண்மையான பாலம் உடைவதற்கு முன் மாதிரி உடையட்டும் என்றே அதைச் செய்கிறார். இரண்டாவது தீங்கு இன்னும் கொடியது. ஏலத்தோட்டத்தில் நாட்கூலி பெறும் தாயால் தெர்மோகோலும் வண்ணமும் மோட்டாரும் வாங்கித்தர முடியாது. இரவில் விழித்திருந்து செய்துதரவும் முடியாது. விடிவதற்குள் அவர் ஜீப்பைப் பிடிக்கவேண்டும். மாதிரியின் பளபளப்புக்கு மதிப்பெண் என்றால், அவருடைய மகளுக்கு அறிவியல் வராது என்று ஒரு மேசை முடிவுசெய்துவிடுகிறது. அம்முடிவை அச்சிறுமியும் நம்பிவிடுகிறாள்.

மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் மதிப்பீட்டை மாற்ற முடியாது. என் பரிந்துரை இது: பத்து மதிப்பெண்ணில் ஏழு, குறிப்பேட்டுக்கு. அதில் ஊகம், அளவு, தோல்வி, மாற்றம் ஆகியவை தேதியிட்டு இருக்கவேண்டும். அடித்தல் திருத்தல்கள் இருந்தால் மிக நன்று. இரண்டு, பிற குழுவின் வண்டியைப் பார்த்து ஒரு பயனுள்ள கேள்வி கேட்டதற்கு. கட்டத்திற்குள் வண்டி நின்றதற்கு ஒன்று போதும். முதல் முயற்சியிலேயே வண்டி கட்டத்தில் நின்றுவிட்ட குழுவிற்கு என்ன செய்வது? கட்டத்தை நகர்த்தி வரைந்துவிடலாம்.

குப்பையா, மூலப்பொருளா?

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்புக் குரல் எழும், எழவேண்டும். ‘நகரத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைக்கு முப்பரிமாண அச்சுப்பொறி, எங்கள் பிள்ளைக்கு மட்டும் குப்பையா?’ என்று ஒரு பெற்றோர் கேட்டால், அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏழைப்பிள்ளைக்கு எது கிடைத்தாலும் போதும் என்னும் மனநிலை நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. கழிவுப்பொருள் அம்மனநிலைக்குத் திரையாகிவிடக் கூடாது. நல்ல நிறுத்துக்கடிகாரம், துல்லியமான தராசு, கூரான கத்தரி, பொருள்களை வைக்க ஓர் அலமாரி ஆகியவை அரசுப்பள்ளிக்கு உரிமையாக வரவேண்டியவை. அட்டைப்பெட்டியைக் காரணம் காட்டி ஆய்வகத்தை மறுப்பது ஏற்கத்தக்கதன்று.

ஆனால், கழிவுப்பொருளைத் தேர்வதற்கு வறுமை ஒரு காரணமே அன்று. உடைந்தால் அஞ்சவேண்டாத பொருள் அது. விலையுயர்ந்த கருவியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போதே, ‘பார்த்து, உடைத்துவிடாதே’ என்கிறோம். உடைத்துவிடுவோமோ என்னும் அச்சத்தோடு யாரும் புதியது ஒன்றைச் செய்துபார்க்க முடியாது. பாக்குமட்டையைப் பத்துமுறை வெட்டலாம். பதினோராவது முறைக்கு இன்னொரு மட்டை விழுந்து கிடக்கும். நகரத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைக்கும் இம்மட்டை தேவை என்பேன்.

அரவிந்த் குப்தா, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1975இல் வெளிவந்தவர். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கப்பட்டிருந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் 1978இல் சென்று பணியாற்றினார். கிராமத்துச் சந்தையில் கிடைத்த மிதிவண்டி வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணமும் கூம்பும் கோபுரமும் அமைத்துக் காட்டினார். சதுரம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது என்பதைப் பிள்ளைகள் விரலால் அழுத்திப் பார்த்தே அறிந்தனர். அவருடைய பொம்மைகளும் நூல்களும் பின்னர் பல இந்திய மொழிகளுக்குச் சென்றன, தமிழுக்கும் வந்தன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பெரியவர்களின் உலகிலிருந்தும் ஒரு சான்று. 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும், முறையான கல்வி மிகக் குறைவாகவே பெற்ற கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து செயற்கைக்கால் ஒன்றை உருவாக்கினர். அந்நாளில் கிடைத்த மேலைநாட்டுச் செயற்கைக்கால்களோடு காலணி அணிய வேண்டியிருந்தது. தரையில் சம்மணமிட்டு அமரவோ வயலில் இறங்கவோ முடியவில்லை. அவர்கள் ரப்பரை நாடினர்; பழைய டயருக்கு மறுபூச்சு செய்யும் பட்டறையின் முறையைக் கைக்கொண்டனர். வெறுங்காலோடு நடக்கவும் குந்தி அமரவும் ஏற்ற பாதம் கிடைத்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. பயன்படுத்துவோர் எப்படி வாழ்கிறார் என்று பார்த்ததும், பட்டறையை இழிவாக எண்ணாததும் அக்காலுக்குள் இருக்கின்றன.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிவு என்றால் எல்லாக் கழிவும் அன்று. பூச்சிமருந்து இருந்த புட்டிகளும் பைகளும் தோட்டப்பகுதிகளில் கிடைக்கும். அவற்றைத் தொடவே கூடாது. மருத்துவக் கழிவு, உடைந்த கண்ணாடி, பழைய மின்கலம் ஆகியவற்றுக்கும் இடமில்லை. நெகிழியை உருக்கி ஒட்டுவதும் கூடாது; அப்புகை நஞ்சு.

யாருடைய கையில் கத்தரி?

குழுவாகப் பிள்ளைகள் வேலை செய்யும்போது ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். பலகையை உயர்த்துவதும் வெட்டுவதும் ஓடவிடுவதும் பெரும்பாலும் பையன்கள். பெண்பிள்ளைகளிடம் வண்ணத்தாளும் அழகான கையெழுத்தும் ஒப்படைக்கப்படுகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. பழக்கம் தானே பிரித்துவிடுகிறது. போடியில் ஏலக்காயைத் தரம்பிரிக்கும் வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். 7 மி.மீ., 8 மி.மீ. எனத் துளையளவு வேறுபட்ட சல்லடைகளில் காய்களைச் சலித்து, எஞ்சியதைக் கண்ணாலும் விரலாலும் பிரித்தெடுக்கின்றனர். அளவு, பொறுக்கத்தக்க வேறுபாடு, தரக்கட்டுப்பாடு என்று பொறியியல் கல்லூரியில் கற்பிக்கப்படுபவை அவர்களுடைய அன்றாட வேலை. அவர்களுடைய மகள்களின் கையில் கத்தரியும் அளவுகோலும் இருக்கவேண்டும். சுழற்சி முறையில் பணிகளை மாற்றுவது என்று வகுப்பில் விதி செய்துவிட்டால் போதும், அறிவுரை தேவையில்லை.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே நேரம் என்று ஆசிரியர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், அரசுப்பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பயில்வோருக்கு எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல், கணிதச் செயல்பாடுகளைக் கொண்டுசெல்கிறது. அத்தகைய வாய்ப்புக்குள் சறுக்குவண்டிக்கும் இடம் காணலாம். ஒரு செயல்பாட்டை ஒரு பாடவேளையில் முடித்து, அடுத்ததற்குச் செல்லும் அவசரம் மட்டும் கூடாது. வண்டி தோற்ற நாளுக்கும் திருத்தி ஓடவிடும் நாளுக்கும் இடையே ஓர் இரவாவது கழியவேண்டும். பிள்ளை படுத்துக்கொண்டே எண்ணிப்பார்க்கும் அவ்விரவும் பாடவேளைதான். அதற்குக் கால அட்டவணையில் இடம் கேட்கவேண்டியதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். இன்னும் இரண்டு ஆண்டுகளில் உங்களுள் பலர் பொறியியல் கல்லூரியின் வாயிலில் நிற்பீர்கள். போடியிலேயே 2012ஆம் ஆண்டு தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி ஒன்று உண்டு. கட் ஆஃப் மதிப்பெண் என்ன, எந்தப் பிரிவுக்கு வேலை கிடைக்கும் என்று அப்போது பலரும் உங்களிடம் பேசுவார்கள். இதுவரை உங்கள் கையால் எதையேனும் செய்து, அது தோற்று, மீண்டும் செய்ததுண்டா என்று கேட்பவர் அரிது. உராய்வுக் குணகத்தைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு வந்தவர்கள், ஒரு பழைய பலகையையும் நான்கு செங்கற்களையும் தேடி எடுத்துக்கொண்டு, தெருவில் இருக்கும் ஆறாம் ஏழாம் வகுப்புத் தம்பி தங்கையரை அழைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதை அவர்கள் செய்யட்டும். நூலைத் தொங்கவிட்டு அளப்பதில் நீங்கள் துணைநில்லுங்கள். வண்டி எங்கே வந்து நிற்கும் என்று ஒவ்வொருவரும் தரையில் முதலில் ஒரு கோடு போடட்டும். கோட்டின் அருகே அவரவர் பெயரை எழுதிய பிறகு வண்டியிலிருந்து கையை எடுக்கலாம்.